வேர்வை உலரும் நேரம்
ஆலங்குளம் வட்டாரத்தில் சைக்கிளில் வேலைக்குப் போவோரின் தூய்மை குறித்து ஓர் ஆய்வு

சைக்கிளில் வேலைக்குப் போகலாமே என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் மறுப்பு தூரத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. “வேர்த்து விறுவிறுத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர் என்ன நினைப்பார்?” என்பதுதான் அது. உடம்பு நோகும் என்று பயப்படுகிறவர்களைவிட, சட்டை நனையும் என்று தயங்குகிறவர்களே அதிகம். அலுவலகத்தில் குளியலறை கிடையாது. இருக்கும் கழிப்பறையில் ஒரு வாளி, ஒரு குவளை, சில இடங்களில் அதுவும் இல்லை. இந்த நிலையில் ஒருவர் ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்து வந்து, வேலை நாள் முழுவதும் பார்வையாகவும் நாற்றமில்லாமலும் இருக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

களமாக எடுத்துக்கொண்டது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளமும், அதைச் சூழ்ந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு. இது சுண்ணாம்புக்கல் பூமி. அந்தக் கல்லை நம்பி 1970-இல் டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்) இங்கே சிமெண்ட் ஆலை தொடங்கியது. 1976-இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கைக்கு அது பிறகு வந்தது. மேற்கே இராஜபாளையத்தில் 1936 முதல் நூற்பாலைகள். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. கிழக்கே சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று கேரியரில் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு மிதித்த தலைமுறைகளை இந்த மண் பார்த்திருக்கிறது. எனவே “குளியலறை இல்லாமல் சைக்கிளில் வேலைக்கு” என்பது இங்கே புதிதாகக் கிளம்பிய கேள்வி அல்ல. கேட்கிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயத்துக்கும் வீட்டுத் தொழிலுக்கும் வெளியே வேலை பார்ப்பவர்களில் இந்திய அளவில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேலையிடத்தில் ஷவர் என்ற பேச்சே எழுந்திருக்காது.

உடம்பின் கணக்கு

மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குப் போகிறது. மீதி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு கையாளும் முதன்மையான வழி வேர்வையை ஆவியாக்குவது. ஒரு கிராம் வேர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், ஏறக்குறைய 250 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் அது 450 வாட்டை நெருங்கும். வெப்பம் முழுவதையும் வேர்வையே சுமக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு மெதுவாகப் போகிறவர் 25 நிமிடத்தில் 150 கிராம் வேர்ப்பார். விரைந்து போகிறவர் 15 நிமிடத்தில் 170 கிராம் வேர்ப்பார். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது முதல் பார்வையில் வியப்பாக இருக்கும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. மெதுவாகப் போகிறவருக்குச் சுரக்கச் சுரக்கக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. விரைந்தவருக்குச் சுரப்பு ஆவியாதலை முந்திவிடுகிறது. மிச்சம் துணியில் இறங்குகிறது. நனைந்த சட்டை என்பது அந்த மிச்சம்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. சைக்கிள் ஓடும்வரை காற்று இருக்கிறது. ஸ்டாண்டு போட்ட நொடியில் அது நின்றுவிடுகிறது. ஆனால் உடம்பின் உட்சூடு உடனே இறங்குவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் வேர்வை தொடர்ந்து சுரக்கும். வழியெல்லாம் உலர்ந்தே இருந்த சட்டை, அலுவலகப் படியேறியதும் நனைவது இதனால்தான். இந்த நேரத்தில் அவசரமாகக் குளித்தாலும் பயன் குறைவு. துவட்டி முடிப்பதற்குள் மறுபடி வேர்த்துப் புதுச் சட்டையும் ஒட்டிக்கொள்ளும். குளியலறை உள்ள அலுவலகங்களில்கூடச் சைக்கிளில் வருகிறவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்புவதில்லை. ஆகவே இங்கே தீர்மானிப்பது தண்ணீரைவிடக் காற்றும் காத்திருப்பும்.

பழகிய உடம்பு வேர்க்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்துப் பழகிய உடம்பு முன்கூட்டியே வேர்க்கத் தொடங்குகிறது, கூடுதலாகவும் வேர்க்கிறது. ஆனால் அந்த வேர்வையில் உப்பு குறைவு. உட்சூடும் அவ்வளவு ஏறுவதில்லை. பழக்கத்தால் கிடைப்பது வேர்வையிலிருந்து விடுதலை அல்ல, களைப்பிலிருந்து விடுதலை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

மனித உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் பெரும்பான்மை வெப்பத்தைத் தணிக்கும் சுரப்பிகள். அவை சுரப்பது ஏறத்தாழ உப்புத் தண்ணீர். அதற்கு வாடை கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள வேறு வகைச் சுரப்பிகள் புரதமும் கொழுப்பும் கலந்த நீரைச் சுரக்கின்றன. அதுவும் சுரக்கும்போது நாறுவதில்லை. அங்கே குடியிருக்கும் கோரினிபாக்டீரியம், ஸ்டஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்துக் கந்தகச் சேர்மங்களாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் மாற்றும்போதுதான் நாம் கற்றாழை நாற்றம் என்று சொல்வது பிறக்கிறது. இந்தச் சிதைவுக்கு நேரம் தேவை. காலையில் தேய்த்துக் குளித்த தோலில் புதிதாகச் சுரந்த வேர்வை உடனே நாறாது. நாறுவது பழைய வேர்வை; அல்லது பழைய வேர்வை ஊறிய துணியில் விழுந்த புதிய வேர்வை.

இந்த உண்மை நம் ஊர்ப் பழக்கத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வரும் ஆலோசனைகள், எழுந்ததும் விளையாட்டு உடையில் கிளம்பி அலுவலகத்தில் குளித்துக்கொள் என்கின்றன. அந்த ஏற்பாட்டில் காலைக் குளியலே அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது. மார்கழி நீராடலைப் பாடிய ஆண்டாளின் ஊர்ப் பக்கத்தில் வாசல் தாண்டுவதற்கு முன்பே குளியல் முடிந்துவிடுகிறது. குளித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு வழியில் சேர்வது அரைமணி நேரத்து வேர்வை மட்டுமே. அதை நாறும் முன் அப்புறப்படுத்தினால் போதும். பிரச்சினையின் பாதி, வீட்டுக் கிணற்றடியிலோ குழாயடியிலோ ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

சாப்பாட்டுக்கும் இதில் சிறு பங்குண்டு. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் வேர்வையில் வெளிப்படும். வெந்தயம் மிகுதியாகச் சாப்பிடுகிறவரின் வேர்வையில் அதன் இனிப்பு வாடை வீசும். ஆனால் இவை ஓரத்துச் செய்திகள்தான். யாரும் ரசத்தை நிறுத்த வேண்டியதில்லை.

மண்ணும் காற்றும் தண்ணீரும்

எந்த ஊருக்கும் பொருந்தும் பொது யோசனைகள் இங்கே மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது காற்று. ஆலங்குளம் வட்டாரம் பெரும்பாலும் சமதரை. மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று மிதிப்பவரை நிறுத்தி வைக்கும் அளவுக்கு வீசும். ஆலங்குளத்திலிருந்து கீழராஜகுலராமன் வழியாக இராஜபாளையம் பக்கம் போகிறவருக்குக் காலையில் அது எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் வழக்கமான வேகத்தையே பிடிக்கப் பார்த்தால் உழைப்பு இரட்டிக்கும். அந்த மாதங்களில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதே அறிவு. அதே காற்றில் ஈரப்பதம் குறைவு என்பதால், வேகத்தைக் குறைத்தவருக்குச் சட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் மிதிப்பவருக்கு வாய்க்காத வசதி இது. அங்கே காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டேயிருக்கும்.

இரண்டாவது புழுதி. கரிசல் மண்ணின் மெல்லிய தூசியும், சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசியும் வேர்த்த தோலில் பசைபோல் ஒட்டும். சிமெண்டுத் தூசி காரத்தன்மை மிகுந்தது. ஈரம் பட்டால் தோலை அரிக்கும். கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பும் வெடிப்பும் சிமெண்டோடு புழங்குகிறவர்களுக்குப் பழக்கமான தொல்லை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் போனால் புழுதி முழுவதும் முடியில் தங்கும். எண்ணெயை இரவில் தேய்த்துக் காலையில் அலசுவதோ, தலையில் துண்டு கட்டிக்கொண்டு போவதோ நல்லது. தலைப்பாகை அணிந்து சைக்கிளில் போன பெரியவர்கள் அழகுக்காக மட்டும் அதைக் கட்டவில்லை.

மூன்றாவது தண்ணீர். சுண்ணாம்புப் பாறைக்கு நடுவில் ஊறும் நிலத்தடி நீர் கடினநீராக இருக்கும். சோப்பு நுரைக்காமல் திரிந்து, தோலில் படலமாக ஒட்டும். வேலையிடத்துப் போர்த் தண்ணீரில் அவசரமாகச் சோப்புப் போட்டுக் கழுவினால் பிசுபிசுப்பு கூடுமே தவிரக் குறையாது. இத்தகைய நீரில் சோப்பில்லாமல் ஈரத்துணியால் துடைப்பது மேல். மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் அளவில்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஷவர் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் குடிக்கும். வாளிக் குளியலுக்கு 15 முதல் 20 லிட்டர் ஆகும். துணியை நனைத்துத் துடைத்துக்கொள்ள இரண்டு லிட்டர் போதும். கோடையில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் ஊரில், ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஷவர் என்ற கோரிக்கை எடுபடாது; எடுபட வேண்டியதும் இல்லை.

வெயில் விஷயத்தில் இந்த ஊர் கொஞ்சம் கருணை காட்டுகிறது. பார்வையாக இருக்க வேண்டிய பயணம் காலைப் பயணம். அது சூடு ஏறும் முன் முடிந்துவிடுகிறது. உச்ச வெப்பம் தணியாத மாலையில் திரும்பும் பயணம் வீட்டுக் குளியலில் முடிகிறது. ஆலங்குளத்திலிருந்து வடமேற்கே போய் மாலையில் தென்கிழக்கே திரும்புகிறவருக்கு இரு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம்தான். கண் கூசாது, ஆனால் முதுகு சுடும்.

துணியும் பையும்

அந்த முதுகில் ஒரு பையும் தொங்கினால் நிலைமை மோசமாகும். தோளில் மாட்டும் பை, முதுகின் பெரும்பகுதியைக் காற்றுக்கு மூடிவிடுகிறது. சட்டை எங்கெங்கோ உலர்ந்திருக்க முதுகில் மட்டும் பை அளவுக்கு ஒரு ஈரக் கட்டம் விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பையைக் கேரியரிலோ முன்கூடையிலோ போட்டால் அந்தக் கட்டம் விழாது. செலவே இல்லாத, பலன் மிகுந்த மாற்றம் இதுவே. கேரியர், மட்கார்டு, செயின் கவர் மூன்றும் உள்ள பழைய வகைச் சைக்கிள், அலுவலகம் போவதற்கென்றே செய்தது போன்றது. கேரியர் முதுகைக் காக்கிறது, மட்கார்டு சேற்றைத் தடுக்கிறது, செயின் கவர் பேண்டைக் கிரீஸிலிருந்து காப்பாற்றுகிறது. கியர் வைத்த புதுச் சைக்கிள்கள் இந்த மூன்றையும் பெரும்பாலும் கழற்றிவிட்டே கடைக்கு வருகின்றன. வாங்கியவர் பிறகு பேண்டைச் சுருட்டிக்கொண்டு போகிறார்.

துணியைப் பொறுத்தவரை ஆய்வுலகில் நல்லதொரு சான்று இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கிறிஸ் காலேவார்ட்டும் குழுவினரும் 26 பேரை நிலைச்சைக்கிளில் கடுமையாக மிதிக்கச் செய்து, அவர்கள் அணிந்திருந்த டி-ஷர்ட்டுகளைச் சேகரித்து, 28 மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். 2014-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: பாலியெஸ்டர் துணிகள் பருத்தியைவிட மோசமாக நாறின. நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் பாலியெஸ்டரில் செழித்திருந்தன. பருத்தி தன் எடையில் எட்டு சதவீத அளவுக்குக் காற்றிலிருந்தே ஈரத்தை உள்வாங்கும் நார். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது, ஆனால் எண்ணெய்ப்பசையை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. சீக்கிரம் காய்வதால் விளையாட்டு உடைக்குப் பாலியெஸ்டரே சிறந்தது என்பார்கள். காய்வது உண்மைதான். ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு உடனே துவைக்கப் போடுகிறவருக்கு அது சரி. அதே துணியோடு மாலைவரை உட்காருகிறவருக்கும், மடித்துப் பையில் வைத்து மாலையில் மறுபடி அணிகிறவருக்கும் அது சரிவராது. பள்ளி, ஆலைச் சீருடைகளில் நிறைந்திருக்கும் டெரிகாட்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கசங்காது, ஆனால் அக்குளில் நாற்றம் துவைத்தும் போகாது. பட்டாசுத் தொழிலில் நிலைமின்சாரப் பொறிக்கு அஞ்சிப் பருத்தி உடையை வற்புறுத்துவது வழக்கம். பாதுகாப்புக்காக வந்த அந்த விதி, சைக்கிளில் வருகிற தொழிலாளிக்கு இன்னொரு நன்மையையும் சேர்த்தே தந்தது.

நடைமுறையில் தென்படும் தீர்வு இரண்டு அடுக்கு. உள்ளே கை வைத்த பருத்திப் பனியன், மேலே பழைய சட்டை. வேலையிடம் போனதும் இரண்டையும் கழற்றி, துடைத்து, உலர்ந்து, புதுப் பனியனும் தேய்த்த சட்டையும். அவ்வளவு முடியாதவர் பனியனை மட்டும் மாற்றினாலே பெரும் வித்தியாசம் தெரியும். நிறத்திலும் சூட்சுமம் உண்டு. வெளிர் நீலமும் சாம்பலும் ஈரத்தைக் காட்டிக் கொடுக்கும். வெள்ளையும் சிறு கட்டங்களும் மறைக்கும். கறுப்பு ஈரத்தை மறைத்து, காய்ந்தபின் உப்புக் கோட்டைக் காட்டும். ஷூவும் சாக்ஸும் அலுவலகத்திலேயே இருக்கட்டும். மிதிப்பதற்குச் செருப்பு போதும். பாதத்தைப் பூட்டி வைத்து மிதித்தால் மாலைவரை அதன் பலனை அறை முழுவதும் அனுபவிக்கும்.

வந்து சேர்ந்தபின் கால்மணி நேரம்

இந்த வட்டாரத்தில் சிறப்பாகச் சொல்ல வேண்டியது துண்டைப் பற்றி. கனத்த டர்க்கி டவல் அலுவலக மேசை இழுப்பறையில் காயவே காயாது. இரண்டாம் நாளே பூஞ்சை வாடை வரும். ஈரிழைத் துண்டு பிழிந்து உதறிப் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே மதியத்துக்குள் காய்ந்துவிடும். சத்திரப்பட்டிப் பக்கம் நெய்யும் பேண்டேஜ் துணி அதைவிட மெல்லியது, மலிவானது. வாசனைத் திரவம் ஊறிய வெளிநாட்டு ஈரத்தாள்களை விலை கொடுத்து வாங்குவதற்குப் பதில், இந்தத் துணியில் நாலு துண்டு நறுக்கி வைத்துக்கொண்டால் துடைத்து, அலசி, மறுபடி பயன்படுத்தலாம், குப்பையும் சேராது.

வரிசை முக்கியம். கடைசி ஒரு கிலோமீட்டரை ஊர்ந்து கடப்பது முதல் படி. வந்ததும் நிழலில் காற்றோட்டமாகப் பத்து நிமிடம் நின்று தண்ணீர் குடிப்பது இரண்டாவது. முகம், கழுத்து, முன்கைகளை வெறும் தண்ணீரில் கழுவுவது மூன்றாவது. பிறகு நனைத்துப் பிழிந்த துணியால் அக்குள், மார்பு, முதுகு, பாதம் துடைப்பது. நன்றாக உலர்ந்தபின்தான் சட்டை. இந்த வரிசையில் இரண்டாவதை விட்டுவிட்டு மற்றதைச் செய்கிறவர்கள்தான் “எவ்வளவு செய்தாலும் வேர்க்குது” என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

பூச்சுகளைப் பற்றிக் கடைகளில் நிறையக் குழப்பம். டியோடரண்ட் பாக்டீரியாவை அடக்கி வாசனை சேர்க்கும். ஆன்ட்டிபெர்ஸ்பிரண்ட் அலுமினிய உப்புகளால் சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். பின்னதை வேர்த்தபின் பூசிப் பயனில்லை. இரவில் உலர்ந்த தோலில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும். சவரக்கடைப் படிகாரமும் அலுமினிய உப்புதான். நனைத்து அக்குளில் தேய்த்தால் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், செலவும் சொற்பம். வேர்த்த உடம்பில் சென்ட் அடிப்பது எல்லாவற்றிலும் மோசம். இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். முகப்பவுடர் நம்மூர் அலங்காரத்தில் நீங்காத பொருள். ஆனால் ஈரத் தோலில் போட்டால் திட்டுத் திட்டாகும். டால்க் என்னும் கனிமத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தது. மூச்சில் ஏறும்படி உதறிப் போடும் பழக்கத்தையாவது விடலாம்.

ஈர உள்ளாடையோடு நாள் முழுவதும் உட்காருவதால் வரும் படர்தாமரையை அலட்சியம் செய்யக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அடக்கி, பூஞ்சையை வளர்த்துவிடும். உள்ளாடையை மாற்றுவதே முதல் மருந்து.

பெண்களின் கணக்கு வேறு

மேலே சொன்ன கால்மணி நேரச் சடங்கை ஓர் ஆண் கிணற்றடியிலும் மரத்தடியிலும்கூட முடித்துவிடுவார். சட்டையைக் கழற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பதில் அவருக்குத் தடையில்லை. பெண்ணுக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு இல்லாமல் ஒரு படியும் நகராது. சுடிதாரோ சேலையோ, உள்ளே அடுக்குகள் அதிகம். மாற்றவும் நேரம் அதிகம். மாதவிடாய் நாட்களில் தண்ணீரும் குப்பைக்கூடையும் உள்ள அறை வசதியல்ல, தேவை.

தமிழ்நாட்டில் பெண்கள் சைக்கிள் மிதித்த வரலாற்றில் புதுக்கோட்டைக்குத் தனி இடம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவுசெய்து உலகுக்குச் சொன்னார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பெண்கள் திரளாக மிதித்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கிய அரசு, பின்னர் மாணவர்களுக்கும் அதை விரிவாக்கியது. பள்ளிவரை சைக்கிளில் போன அந்தப் பெண் வேலைக்குப் போகும் வயதில் ஆலை வேனிலோ ஸ்கூட்டரிலோ ஏறுகிறாள். ஷிப்டு நேரம், தூரம், பாதுகாப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். போய் இறங்கும் இடத்தில் உடை மாற்ற ஒரு கதவு இல்லை என்பதும் அவற்றில் ஒன்று. யாரும் கேட்காத ஒன்று.

பார்ப்பவர் கண்

நெதர்லாந்தில் நாலில் ஒன்றுக்கு மேற்பட்ட பயணங்கள் சைக்கிளில் நடக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலோர் அலுவலகத்தில் குளிப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அன்றாட உடையிலேயே, நிதானமாக மிதிக்கிறார்கள். குளிர்ந்த நாடு என்பது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. சைக்கிளை உடற்பயிற்சியாகப் பார்க்கும் நாடுகளில்தான் ஷவர் முதன்மையாகிறது. அமெரிக்காவில் உருவான லீட் பசுமைக் கட்டிடத் தரச்சான்று, சைக்கிள் வசதிக்கான மதிப்பெண்ணுக்கு முதல் நூறு பேருக்கு ஒரு ஷவரும் அடுத்த ஒவ்வொரு 150 பேருக்கும் இன்னொன்றும் கேட்கிறது. சைக்கிளை நடையின் நீட்சியாகப் பார்க்கும் நாடுகளில் இந்தக் கேள்வி கூர்மையடைவதில்லை.

வெப்பநாட்டுச் சான்று வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் இருக்கிறது. 1990-களின் முற்பகுதியில் எரிபொருள் தடைக்குள் இருந்த குடாநாட்டில் ஆசிரியர், எழுதுவினைஞர், மருத்துவர், பல்கலைக்கழக விரிவுரையாளர் எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். நம்மூரைவிட ஈரமான காற்று, அதே வெயில். ஊரே மிதித்தபோது வேர்வை யாரையும் அடையாளம் காட்டவில்லை. 2022-இன் எரிபொருள் நெருக்கடியில் இலங்கை முழுவதும் அதே காட்சி சில மாதங்களுக்குத் திரும்பியது.

நம் அலுவலகங்களில் சைக்கிளில் வருகிறவர் ஒருவரோ இருவரோ. அவர்களின் வேர்வை உழைப்பாளியின் வேர்வையை நினைவூட்டுகிறது என்பதே பலருக்கு உறுத்தல். அதே வெயிலில் ஹெல்மெட்டும் ஜெர்கினும் மாட்டி பைக்கில் வந்தவரின் கழுத்திலும் வேர்வை வழிகிறது. அதை யாரும் கேட்பதில்லை. ஆகவே தூய்மைக்கான வழிகளைச் சொல்லும்போதே, கேள்வியில் கலந்திருக்கும் அந்தஸ்துக் கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் எதுவரை வந்தது

வேலையிடக் குளியலின் வரலாறு அழுக்குத் தொழில்களிலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க உரிமத்தொகையின் மீது தீர்வை போட்டு, சுரங்க வாசல் குளியலறைகளுக்கு நிதி திரட்டியது. ஜெர்மன் சுரங்கங்களில் உடைகளைச் சங்கிலியில் கோத்துக் கூரைவரை ஏற்றிக் காய வைக்கும் கூடங்கள் இருந்தன. இவையெல்லாம் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர் சுத்தமாகப் போக வேண்டும் என்பதற்காக. ஆலங்குளம் ஆலைத் தொழிலாளியின் தேவையும் அதுவே: சிமெண்டுத் தூசியைக் கழுவிவிட்டு வீடு போவது. அலுவலகத்துக்கு மிதித்து வருகிறவரின் தேவை இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. அவர் வேலை தொடங்குமுன் சுத்தமாக வேண்டும். சட்டங்கள் முதலாமவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன.

இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அடுத்தடுத்து மூன்று பிரிவுகள் இருந்தன. 42-ஆம் பிரிவு கழுவிக்கொள்ளும் வசதி. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியே மறைவுடன். 43-ஆம் பிரிவு வேலை நேரத்தில் அணியாத உடையை வைக்கவும் ஈர உடையைக் காய வைக்கவும் இடம். 44-ஆம் பிரிவு உட்கார வசதி. மூன்றுமே தொழிற்சாலைக் கேட்டுக்குள் நின்றுவிட்டன. இவற்றில் மூன்றாவது, 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத் திருத்தத்தின் வழியாக ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கும் வந்து சேர்ந்தது. நாற்காலி கேட்டைத் தாண்ட 73 ஆண்டுகள் ஆயின. தண்ணீரும் துணி காயும் கொடியும் அந்தத் திருத்தத்தில் அப்படித் தாண்டவில்லை.

தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கி நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 24-ஆம் பிரிவில் கழுவும் வசதியோடு குளிக்குமிடம், உடைமை வைக்கும் அறை ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. தொழிற்சாலை என்ற எல்லையைத் தாண்டி ‘நிறுவனம்’ என்ற பரந்த சொல்லோடு பேசுகிறது. ஆனால் மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களில் அலுவலக வேலை என்றால் பெரும்பாலும் வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கருவூலம், அரசுப் பள்ளி. சைக்கிள் தூரத்தில் குடியிருப்பவர்களும் இவற்றில்தான் அதிகம். அரசு தன் ஊழியருக்குத் தானே செய்துகொள்ள வேண்டியது இது.

முடிவாக

சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று செய்திகள் உறுதியாகின்றன. முதலாவது, காலையில் குளித்துவிட்டுக் கிளம்பி, மெதுவாக மிதித்து, பையைக் கேரியரில் வைத்து, பருத்தி அணிந்து வருகிறவருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்வரை வேலையிடத்துக் குளியல் தேவையில்லை. அவருக்குத் தேவை, வேர்வை அடங்கும்வரை கால்மணி நேரமும், துடைத்து உடை மாற்ற ஓர் இடமும். இரண்டாவது, அதைத் தாண்டிய தூரத்துக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் மிதிக்க உதவும் மின்சைக்கிள் வழி திறந்திருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ளவற்றுக்கு இந்தியாவில் பதிவோ உரிமமோ வேண்டியதில்லை. உழைப்பைப் பாதியாக்கினால் வெப்பமும் ஏறத்தாழப் பாதியாகும். மூன்றாவது, தனிமனிதர் தம் பங்கை ஏற்கெனவே செய்கிறார். மிச்சமிருப்பது வேலை தருகிறவரின் பங்கு.

அந்தப் பங்கு பெரிய செலவும் அல்ல. ஷவர் பொருத்த வேண்டாம், டைல்ஸ் பதிக்க வேண்டாம். தாழ்ப்பாளும் சன்னலும் உள்ள ஆறடிக்கு ஆறடி அறை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. உள்ளே ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு மின்விசிறி, நாலு ஆணி, ஒரு கொடி. வருகைப் பதிவுக்குப் பிறகு பத்து நிமிடச் சலுகை. கோப்பு அடுக்கிய பழைய அறை ஒன்றைக் காலி செய்தால் இடம் கிடைத்துவிடும். சைக்கிள் மிதித்தால் உடம்புக்கும் ஊருக்கும் நல்லது என்று சுவரொட்டி ஒட்டும் அலுவலகங்கள், அந்தப் பணத்தில் இந்த அறைக்கு முதலில் ஒரு தாழ்ப்பாள் வாங்கட்டும்.